பொலபொல

ஜெலுத்தோங்கில் பழைய சோப்பு ஃபாக்டரியை
இடிக்கப் போகிறார்கள்.
அதற்கு முன் நாலு மொழியில் எச்சரிக்கை ஒட்டவேண்டும்.
மலாய்க் கட்டத்தில் 'பெரோய்' ஏறிவிட்டது.
சீனக் கட்டத்தில் இரண்டே எழுத்து,
மிஸ்டர் ஊய் நின்றபடியே எழுதினார்.
தமிழ்க் கட்டம் காலி.
"உங்க மொழிக்குத்தான் வயசு ஜாஸ்தியாச்சே மிஸ் தவமலர்,
ஒரு சொல் இல்லையா?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

கையேட்டில் இருப்பது ஒரே வரி:
காய்ந்த நிலையில்
கைவிரல் அழுத்தத்துக்கே தூளாகிவிடும் தன்மை.
நீராவிக் குழாய்களுக்கு
அறுபது வருடம் முன்பு யாரோ சுற்றிவிட்டுப் போன
வெள்ளைப் பொதிக்கு அந்தத் தன்மை.
பார்த்தால் தெரியாது.
மாவுக்கட்டுப் போட்ட கால் மாதிரி
விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது.

'நொறுங்கும்' என்று எழுதி அடித்தேன்.
நொறுங்குவதற்குச் சத்தம் உண்டு.
அப்பளமோ கண்ணாடியோ, ஆள் திரும்பிப் பார்ப்பான்.
இது சத்தம் போடாது.
'உதிரும்.'
பூ உதிரும், மயிர் உதிரும்,
வேளை வந்தால் யாரும் தொடாமலே.
இதற்கு ஒரு கை வேண்டும்.
'பொடியாகும்' என்பது
எல்லாம் முடிந்தபிறகு சொல்வது.
'இற்றுப்போனது' கிட்டத்தில் வந்து நின்றது,
ஆனால் இற்ற கயிறு தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

மிச்சமிருந்தது பொலபொல.
அதை எழுதக் கை வரவில்லை.
சோறு பொலபொலவென்று இருந்தால்
எங்கள் வீட்டில் அது பாராட்டு.
புட்டுக்கும் அப்படித்தான்,
கறிவேப்பிலைத் தொட்டிக்கு வாங்கிய மண்ணுக்கும்.
சீனப் பெருநாளைக்கு மேல்மாடி மிஸஸ் டான் தரும்
பங்கிட் பிஸ்கட்
நாக்கு பட்ட மாத்திரத்தில் என்னவாகிறதோ
அதற்கும்.
கண்ணீர்கூடப் பொலபொலவென்று கொட்டிவிட்டால்
பிறகு பசிக்கும்.
பட்டர்வொர்த்தில் முதல் ஃபெரிக்கு நிற்கையில்
பொலபொலவென்று விடிகிறது,
இருட்டை ஒரு கை
மேலிருந்து பிசைந்து விட்டதுபோல.
இத்தனை நல்ல வீடுகளில் புழங்குகிற சொல்லை
மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே
எப்படி உட்காரவைப்பது?

குழாய் அறுக்கும் தங்கையா
முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டு
தேத்தண்ணிப் பொட்டலத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.
"லேசா அமுக்கினாலே கொட்டிரும் ஒரு சாமான்,
அதுக்கு என்னண்ணே சொல்வீங்க?"
"எது, இதுவா?"
குழாயைக் கிள்ளினார்.
"பொலபொலன்னு இருக்கு. புட்டு மாதிரி."

விரல் நுனியில் வெள்ளை.
எனக்குப் புரியட்டும் என்று
கட்டைவிரலால் தேய்த்தும் காட்டினார்.
ஜன்னல் வெயிலில்
அது கீழே இறங்கவே இல்லை.

பிறகு எல்லாம் கையேட்டின்படி.
தண்ணீர் பீய்ச்சினோம்.
சட்டையைக் கழற்றி, ஈரத்தோடு,
பைக்குள் பை வைத்துக் கட்டினோம்.
"சட்டை எப்ப திரும்பக் கிடைக்கும்?"
"கிடைக்காதுண்ணே."
"பாக்கெட்டுல நம்பர் சீட்டு இருக்கு."
நான் பையைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
"நாலு வெள்ளி," என்றார்,
பணத்துக்காக இல்லை என்பதுபோல.

தமிழ்க் கட்டத்தில் எழுதினேன்:
அமுக்கினால் பொலபொலவென்று கொட்டும்.
அமுக்கிப் பார்க்க வேண்டாம்.
கட்டம் போதாமல்
இரண்டாவது வரி கோட்டைத் தாண்டியது.
"ஏன் தமிழ் மட்டும் இவ்வளவு நீளம்?"
எங்கள் ஆட்கள் சொல்லைக் கேட்டால்
தொட்டுப் பார்ப்பார்கள் என்றேன்.
மிஸ்டர் ஊய் இந்த முறை சிரிக்கவில்லை.

நம்பர் தங்கையாவுக்கு மனப்பாடம்.
நாலு சைபர் ஏழு ஒன்று.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
ஞாயிறு சாயங்காலம் அதற்கு முடிவு வந்துவிட்டது.
மற்றதற்கு முப்பது வருடம் ஆகலாம்,
ஒன்றுமே இல்லாமலும் போகலாம் என்கிறது கையேடு.
அதற்குத் தமிழில் என்னவென்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கேட்டில் நின்றார்.
"ஒரு நம்பர் தள்ளிப் போச்சுண்ணே."
"அட, பக்கத்துலதான்."
புதுச் சட்டையின் பாக்கெட்டைத்
தட்டிக் காட்டினார்.